இழையும் மனமும்

நுழையும்முன்

கைத்தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துகிறார். அறுந்த முனைகளைத் தேடி எடுத்துப் பிணைக்கிறார். பின்னர் மீண்டும் நெய்யத் தொடங்குகிறார். மனித மனமும் நாள்தோறும் பலமுறை இவ்வாறு அறுபடுகிறது. கைப்பேசியின் அழைப்பொலிகள் மிகுந்துவிட்ட இக்காலத்தில், அறுந்த கவனத்தை மீண்டும் பிணைத்துக்கொள்ளும் பயிற்சி மாணவர்க்கு இன்றியமையாதது. சேலம், நாமக்கல் சமவெளி மக்களின் தொழில்களில் அப்பயிற்சி நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதனை இப்பாடம் விளக்குகிறது.

கவனத்தால் வாழும் நிலம்

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் மேற்கே காவிரியும் சூழ அமைந்தது சேலம், நாமக்கல் சமவெளி. வேளாண்மையோடு நுட்பமான கைத்தொழில்கள் பலவும் இங்கு வேரூன்றியுள்ளன. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது. இளம்பிள்ளைச் சேலைகளும் சேலத்து வெள்ளிக் கொலுசுகளும் தமிழகத்துக்கு வெளியேயும் விற்பனையாகின்றன. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகள் இயங்குகின்றன. நாமக்கல் சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை.

இத்தொழில்கள் அனைத்துக்கும் பொதுவான முதலீடு ஒன்று உண்டு. அது கவனம். கொலுசு செய்பவர் சிறுசிறு வளையங்களைக் கோத்து நெருப்பால் பற்றவைக்கிறார். வெப்பம் குறைந்தால் இணைப்பு பற்றாது. ஒரு நொடி மிகுந்தால் நுண்ணிய வேலைப்பாடு உருகிவிடும். அந்த ஒரு நொடியைக் கண்டறிவது அவருடைய கண்ணும் கையும் மனமும் ஒன்றிய நிலையே. நெசவாளரும் ஓட்டுநரும் இத்தகைய நிலையிலேயே பணியாற்றுகின்றனர்.

தறி கற்பிக்கும் பாடம்

தறியில் நீளவாட்டில் அமைவது பாவு. குறுக்கே செல்வது ஊடை. ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் காலால் மிதியை மிதிக்கிறார். பாவிழைகள் இரு பிரிவாக விரிகின்றன. அவற்றினூடே நாடா ஓடுகிறது. பின்னர் ஊடை நெருக்கி அடிக்கப்படுகிறது. கால், கை, கண் மூன்றும் ஒரே தாளகதியில் இயங்குகின்றன.

இவ்வியக்கத்தின் நடுவே இழை அறுவதும் உண்டு. எவ்வளவு தேர்ந்த நெசவாளராயினும் இதனை முற்றிலும் தவிர்க்க இயலாது. அறுந்ததை உடனே கண்டுகொண்டால் சில நொடிகளில் பிணைத்துவிடலாம். காணாமல் தொடர்ந்து நெய்தால், அந்த ஓர் இழையின் குறை துணியில் நீண்ட கோடாக விழுந்துவிடும். ஆகவே நெசவாளரின் திறமை, அறுந்த இழையை விரைந்து காண்பதிலும் பதற்றமின்றிப் பிணைப்பதிலும் வெளிப்படுகிறது.

ஒரு பாவு நெய்து முடிந்தபின் புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைமுனைகளோடு இணைக்க வேண்டும். கையால் செய்யும்போது ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகத்தான் இணைக்க இயலும். இன்னும் எத்தனை உள்ளன என்று எண்ணிக் கலங்குபவருக்கு இவ்வேலை பெருஞ்சுமை. விரலிடையே உள்ள ஓர் இழையில் மட்டும் மனம் வைப்பவருக்கு அது மணிக்கணக்கில் தொடரும் அமைதியான பணி.

கவனத்தைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம் ஒன்றைத் தறி திருத்துகிறது. கவனம் உடையவரின் மனம் அலையவே அலையாது என்று பலர் கருதுகின்றனர். அதனால் தம் மனம் ஒருமுறை அலைந்ததும், 'எனக்குக் கவனம் வராது' என்று முடிவுகட்டிவிடுகின்றனர். இழை அறுந்ததற்காக எந்த நெசவாளரும் தறியைக் கைவிடுவதில்லை. மனம் விலகிச் சென்றதை அறிந்து, அதனைத் திரும்ப அழைத்து வருவதே கவனப் பயிற்சி. அவ்வாறு திரும்பும் ஒவ்வொரு முறையும் பயிற்சி வலுப்பெறுகிறது.

புதுப்பாளையத்து இராட்டை

சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர் இராஜாஜி. ஒத்துழையாமை இயக்கத்தில் அத்தொழிலைத் துறந்த அவர், 1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கேயே குடும்பத்துடன் தங்கிக் கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய பணிகளை மேற்கொண்டார். மதுவிலக்குக்காக அவர் நடத்திய 'விமோசனம்' இதழில் கல்கி துணைபுரிந்ததும் இவ்வாசிரமத்தில்தான்.

சிற்றூர்களின் வறுமைக்கு மருந்தாக ஆசிரமம் கொண்டு சென்ற கருவி இராட்டை. ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, மறு கை பஞ்சுத் திரியிலிருந்து இழையை இழுக்கிறது. விரைந்து இழுத்தால் இழை மெலிந்து அறும். தயங்கினால் தடித்து முறுக்கேறும். சீரான நூல் வேண்டுமானால் இரு கைகளின் வேகமும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். நூற்பவரின் மனம் எங்கே விலகியது என்பதை நூலே காட்டிவிடும்.

அண்ணல் காந்தியடிகள் நாட்டு விடுதலைப் போரின் பரபரப்புக்கு நடுவிலும் இராட்டை நூற்பதை நாள்தோறும் கடைப்பிடித்தார். வாரந்தோறும் திங்கட்கிழமையை மௌன நாளாகக் கொண்டார். அந்நாளில் தெரிவிக்க வேண்டியவற்றை எழுதிக் காட்டினார். கடிதங்களும் தந்திகளும் பார்வையாளர்களும் ஓயாது வந்துகொண்டிருந்த வாழ்க்கை அவருடையது. ஓய்வு கிடைத்தபின் அமைதியைத் தேடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பணிகளின் இடையிலேயே அமைதிக்கென ஒரு நேரத்தை வரையறுத்துக்கொண்டார்.

விலைபோகும் கவனம்

காந்தியடிகளின் காலத்தில் கடிதம் அஞ்சல்காரர் வரும் வேளையில் வந்தது. இன்று செய்தி எந்நேரமும் வருகிறது. அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே இதன் விளைவைச் சுட்டிக்காட்டினார். தகவல் பெறுபவரின் கவனத்தைத் தகவல் உண்கிறது. எனவே தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் ஏற்படும் என்பது அவருடைய கருத்து. பொருளியலுக்கான நோபல் பரிசை அவர் 1978ஆம் ஆண்டு பெற்றார்.

சமூக ஊடகச் செயலிகள் பலவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிகிறது. அவற்றை நடத்தும் நிறுவனங்களின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. பயனர் திரையை எவ்வளவு நேரம் பார்க்கிறாரோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். ஆதலால் பயனரை நீண்டநேரம் நிறுத்திவைக்கும் வகையில் செயலிகள் வடிவமைக்கப்படுகின்றன. முடிவில்லாமல் கீழே நகர்ந்துகொண்டே செல்லும் பக்கம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2006ஆம் ஆண்டு இவ்வமைப்பை உருவாக்கியவராக அறியப்படும் ஏசா ரஸ்கின், அதன் விளைவுகளைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

புத்தகத்தில் இயல் முடிகிறது. நாளிதழில் பக்கம் முடிகிறது. அம்முடிவு, 'போதும்' என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை வாசகருக்குத் தருகிறது. முடிவில்லாத பக்கத்தில் அவ்வாய்ப்பு இல்லை. மேலும், அடுத்து வருவது சுவையானதா சுவையற்றதா என்பது முன்கூட்டியே தெரிவதில்லை. பரிசு எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில் உயிர்கள் ஒரு செயலை விடாது திரும்பத் திரும்பச் செய்யும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து நடத்திய சோதனைகளில் கண்டறிந்தார். திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் விரலும் இவ்விதிக்கு உட்பட்டதே.

எனவே கவனம் சிதறுவதற்கு மாணவரின் மன உறுதிக் குறைவு மட்டுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது. எதிரே தேர்ந்த பொறியாளர்களின் உழைப்பு இருக்கிறது. இதனை அறிந்துகொண்டால் தன்னையே நொந்துகொள்வது குறையும். தக்க முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்ற தெளிவும் பிறக்கும்.

ஒரே நேரத்தில் இரு வேலை

பாடம் படித்துக்கொண்டே செய்திகளுக்கும் விடையளிக்க முடியும் என்று மாணவர் பலர் நம்புகின்றனர். ஆழ்ந்த சிந்தனை வேண்டும் இரு செயல்களை மூளை ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் முந்தைய செயலின் ஒரு பகுதி மனத்தில் தங்கிவிடுகிறது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதனைக் 'கவன எச்சம்' என்னும் பொருளில் குறிப்பிட்டார். கைப்பேசியைக் கீழே வைத்தபின்னும், படித்த செய்தி மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஊடகங்களை ஒருசேரப் பயன்படுத்துவோரைச் சோதித்தனர். வேண்டாதவற்றை ஒதுக்குவதிலும் ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதிலும் அவர்கள் மற்றவரைவிடப் பின்தங்கியிருந்தனர்.

தமிழ் மரபில் நூறு செயல்களில் கவனம் செலுத்தியோர் உண்டே என்று ஒருவர் வினவலாம். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களைச் செய்துகாட்டிச் 'சதாவதானி' எனப் பாராட்டப்பெற்றார். அவதானம் என்ற சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். அவதானியிடம் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருவார். மற்றொருவர் கணக்குக் கேட்பார். இன்னொருவர் முதுகில் நெல்லோ மலரோ எறிவார். அவதானி ஒவ்வொருவரையும் முறைப்படி எதிர்கொள்கிறார். ஒன்றை ஏற்கும்போது மனம் முழுவதும் அதில் நிற்கிறது. பின் அதனை நினைவில் இருத்தி அடுத்ததற்குச் செல்கிறார். விட்ட இடத்துக்குப் பிழையின்றித் திரும்புகிறார். நெடுநாள் பயிற்சியால் ஒருமுகப்பட்ட மனத்தின் உச்சம் அது. கைப்பேசி ஒலித்தவுடன் புத்தகத்தை மறப்பது அதற்கு நேர்மாறானது.

தெரிந்து தெளிவோம்

எட்டுச் செயல்களில் கவனம் செலுத்துவோர் அட்டாவதானி. பத்துச் செயல்களில் கவனம் செலுத்துவோர் தசாவதானி. நூறு செயல்களில் கவனம் செலுத்துவோர் சதாவதானி. இலங்கைத் தமிழில் 'அவதானம்' இன்றும் கவனத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாக வழங்குகிறது.

நெடுஞ்சாலையில் ஐந்து நொடி

கவனச் சிதறலால் படிப்பில் நேரும் இழப்பு உடனே தெரிவதில்லை. சாலையில் அது நொடியில் தெரிந்துவிடுகிறது. சேலத்தையும் நாமக்கல்லையும் இணைத்துச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, நாட்டின் வடகோடியையும் தென்கோடியையும் இணைப்பது. இவ்வட்டாரத்தின் சரக்குந்து ஓட்டுநர்கள் பல மாநிலங்களைக் கடந்து பல நாள் பயணம் செய்கின்றனர். வீட்டார் குரலைக் கேட்க அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி கைப்பேசி. அக்கைப்பேசியே ஓட்டும்போது அவர்களுக்கு இடராகவும் அமைகிறது.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கிறது. ஒரு குறுஞ்செய்தியைப் படிக்க ஐந்து நொடி ஆனால், அதற்குள் வண்டி 100 மீட்டர் சென்றுவிடும். அந்த 100 மீட்டரில் சாலையைக் கடக்கும் பள்ளி மாணவர் இருக்கலாம். இருசக்கர வண்டியில் செல்லும் ஒரு குடும்பம் இருக்கலாம். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது கைப்பேசியைக் கையிற்பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலின்கீழ்க் கொண்டுவந்தது.

கண் சாலையில் இருந்தாலும் மனம் வேறிடத்தில் இருந்தால் எதிரே இருப்பது தெரியாமல் போகலாம். உளவியலாளர்கள் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பித்தது. பந்தை எறிந்து பிடிப்போரின் எறிதல்களை எண்ணுமாறு பார்வையாளர்கள் பணிக்கப்பட்டனர். ஆட்டத்தின் நடுவே கொரில்லா உடையணிந்த ஒருவர் நடந்து சென்றார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை. காண்பதற்குக் கண் போதாது, மனமும் உடனிருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

சமவெளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஓட்டுநர் அவை அனைத்தையும் எண்ணி அஞ்சுவதில்லை. எதிரே உள்ள வளைவை முழுக் கவனத்துடன் கடக்கிறார். பின்னர் அடுத்ததை எதிர்கொள்கிறார். தேர்வுக்கு முன் குவிந்துகிடக்கும் பாடங்களைக் கண்டு மலைக்கும் மாணவருக்கும் இம்முறை பொருந்தும்.

அமைதி பிறக்கும் இடம்

அமைதி என்றவுடன் மலைக்குகையோ ஆள் அரவமற்ற கரையோ நினைவுக்கு வருகிறது. அத்தகைய இடம் அனைவருக்கும் வாய்ப்பதில்லை. ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சி ஒலிக்கும் வேளையில், தம்பி தங்கையரின் நடுவே படிக்கும் மாணவர் பலர். விசைத்தறிக் கூடத்தில் அருகிலிருப்பவர் பேச்சும் கேட்காத பேரிரைச்சல் உண்டு. அங்கும் தொழிலாளி தன் தறியின்மேல் கண்ணும் கருத்துமாக நிற்கிறார். புற ஓசை குறைந்தால் நன்று; அது குறையாத இடத்திலும் மனம் ஒன்றியிருக்கக் கற்க முடியும் என்பதை அவருடைய உழைப்பு காட்டுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பெர்ட் இருவரும் 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2,250 பேரிடம் கைப்பேசி வழியாகப் பல்வேறு வேளைகளில், அப்போது என்ன செய்கிறார்கள், மனம் எங்கே இருக்கிறது, எவ்வளவு மகிழ்ச்சியாக உள்ளனர் என்று வினவப்பட்டது. வினவிய வேளைகளில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்யும் செயலில் இல்லை. மனம் அலைந்த வேளைகளில் மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது. செய்வது எளிய வேலையேயாயினும், மனம் அதில் ஒன்றியபோது மக்கள் நிறைவாக இருந்தனர். எனவே மனம் அமைதியடைந்த பின்புதான் வேலையில் ஈடுபட முடியும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேலையில் முழுமையாக ஈடுபடும்போது அமைதியும் உடன் வருகிறது.

இங்குக் கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. இவ்வாய்வைச் செய்ய உதவிய கருவியும் கைப்பேசியே. உழவர் விளைபொருள் விலையையும், பண்ணையாளர் நாமக்கல் முட்டை விலையையும், மாணவர் பாடக் காணொலியையும் அறிவது அதன் வழியாகத்தான். ஆகவே கைப்பேசியை அடியோடு விலக்குவது பெரும்பாலோருக்கு இயலாது, தேவையும் இல்லை. எந்நேரத்தில், எதற்காக, எவ்வளவு என்பதை வகுக்கும் உரிமை பயன்படுத்துபவர் கையில் இருக்க வேண்டும்.

அன்றாடப் பயிற்சி

கவனம் பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடும் ஆற்றலன்று. நூற்பையும் நெசவையும் போலப் பழகி வளர்ப்பது. படிக்க அமரும்முன் கைப்பேசியை ஒலியடக்கி வேறோர் அறையில் வைத்தல் முதற்படி. கைக்கு எட்டாத பொருளைத் தேடிச் செல்லும் சிறு இடைவெளியில், அது இப்போது தேவைதானா என்று எண்ணிப் பார்க்க முடிகிறது. வீட்டில் உள்ளோர் அனைவருக்கும் ஒரே கைப்பேசி இருக்குமாயின், பாடத்துக்கு அதனைப் பயன்படுத்தும் நேரத்தை முன்கூட்டியே பேசி வகுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒரு வேலை, ஒரு கால அளவு என்று வரையறுத்தல் வேண்டும். முதலில் இருபது நிமிடம் ஒரே பாடத்தைப் படிக்கலாம். பழகப் பழக நேரத்தைக் கூட்டலாம். இடையில் வேறு நினைவு தோன்றினால் அதனைத் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லாகக் குறித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம். படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால், மனம் எங்கே இருந்தது, எங்கே விலகியது என்பது விளங்கும். சீரற்ற நூல் நூற்பவருக்குக் காட்டுவதை விடுபட்ட வரி மாணவருக்குக் காட்டும்.

நாளில் ஒருமுறை சில நிமிடங்கள் எதுவும் செய்யாமல் அமர்ந்து மூச்சைக் கவனிப்பதும் நல்ல பயிற்சி. மனம் விலகும், விலகியதை அறிந்து மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பத்து முறை விலகினால் பத்து முறையும் திரும்ப வேண்டும். அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

இப்பயிற்சியின் பயன் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. நண்பர் தம் துயரைச் சொல்லும்போது திரையைப் பாராமல் அவர் முகம் பார்த்துக் கேட்பதும், தாத்தா பாட்டியின் பேச்சை இடைமறிக்காமல் கேட்பதும், சாலையில் பிறர் உயிரை மதித்து வண்டி ஓட்டுவதும் கவனத்தின் பயன்களே. ஒருவர் தம் கவனத்தைப் பிறருக்குத் தரும்போது தம் வாழ்நாளின் ஒரு பகுதியையே தருகிறார். அதனை எதற்கு, யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கத் தெரிந்த தலைமுறைக்குக் கைப்பேசி நல்லதொரு கருவியாகப் பயன்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் கவனத்தை அடிப்படையாகக் கொண்ட கைத்தொழில் ஒன்றை நேரில் கண்டு, அதில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து எழுதுக.

2. ஒரு வாரம், படிக்கும் நேரத்தில் கவனம் சிதறிய வேளைகளையும் அவற்றின் காரணங்களையும் அட்டவணைப்படுத்தி, அவற்றைக் குறைக்கும் வழிகளை வகுப்பில் கலந்துரையாடுக.

3. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நான்கு நொடிகளில் கடக்கும் தொலைவைக் கணக்கிட்டு, சாலைப் பாதுகாப்பு குறித்த சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

4. 'கவனம் சிதறக் காரணம் கருவியா, மனமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.